ஷிஃப்ட் வீட்டுக்கு ஓவன் சாதம்

ஸ்ரீபெரும்புதூர் வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்ன நேரம் என்று கிடையாது. காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக முனையில் நிற்பார். அவர் சாயங்காலமே பசி என்பார். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் செருப்பைக் கழற்றும்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். நைட் ஷிஃப்ட்காரருக்கு ராத்திரிச் சாப்பாடு என்பது அவர் தூங்கி எழுந்ததும் சாப்பிடுவது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் ஒரகடத்தில், மகன் இருங்காட்டுக்கோட்டையில் அப்ரண்டிஸ், மகள் பிளஸ் டூ, அத்தை ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுப்பவர். ஒரே குழம்பை நான்கு தடவை சூடு பண்ணுகிறேன். கடைசித் தடவை அதில் குழம்பின் ருசி இருக்காது, புளியின் ருசிதான் இருக்கும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்ததிலிருந்து இந்த ஊரின் கடிகாரம் மாறிவிட்டது என்று அத்தை சொல்வார். அதற்கு முன்னால் ஏரித் தண்ணீர் வரும் நாளும் அறுப்பு நாளும்தான் இங்கே கணக்கு. 2010-ல் ஒரகடத்தில் நிஸ்ஸான், ரெனோ தொழிற்சாலை திறந்ததும் அந்தப் பக்கமும் அப்படியே ஆயிற்று. வேலை வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், வீடு கட்டினோம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும், முன்கூட்டியே திட்டம் போட்டால்தான் நடக்கும் காரியமாகிவிட்டது.

அப்படித் திட்டம் போட்டு, எல்லாருடைய வீக் ஆஃபும் ஒரே நாளில் வந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ராத்திரிச் சாப்பாட்டில் முக்கால்வாசி, அடுப்படியில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால்தான் ருசிக்கும். தோசை கல்லிலிருந்து தட்டுக்கு வர வேண்டும். சப்பாத்தி ஆறினால் வறண்டுபோகும். பூரி கேட்கவே வேண்டாம். எல்லாரும் சேர்ந்து சிரித்துச் சாப்பிடும் சத்தம் கூடத்திலிருந்து கேட்கும், சமைத்தவள் கையில் தோசைத் திருப்பி இருக்கும். "நீயும் வந்து உட்காரும்மா" என்று கூப்பிடுவார்கள், மனசார்த்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அடுத்த தோசையை யார் ஊற்றுவது? சமைத்தவளும் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் சமையலே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்த ஓவன் சாதம் எங்கள் வீட்டில் நிலைத்தது. இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

என் வீட்டுக்காரர் பயிற்சிக்காக ஜப்பான் போய்விட்டு வந்தபோது சொன்னார்: "சாதத்து மேல வெள்ளையா என்னமோ ஊத்தி, மேல சிவக்கச் சிவக்கச் சுட்டுத் தராங்க. சாதம்தான். ஆனா ஸ்பூனால வெட்டி எடுத்துச் சாப்பிடணும். டோரியான்னு பேரு." சாதம் என்று கேட்டதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஓவனில் வைப்பதென்றாலே மக்ரோனி, உருளைக்கிழங்கு என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். நமக்குச் சாதம் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகத் தோன்றாதே.

டோரியா பிறந்தது யோகோஹாமாவில். 1923 நிலநடுக்கத்தில் அந்தத் துறைமுக நகரம் தரைமட்டமாகி, மீண்டும் எழுந்தபோது 1927-ல் அங்கே ஹோட்டல் நியூ கிராண்ட் திறந்தது. அதன் முதல் தலைமைச் சமையற்காரர் சாலி வைல், சுவிட்சர்லாந்துக்காரர். உடம்பு சரியில்லாத விருந்தாளி ஒருவர் தொண்டையில் சுலபமாக இறங்கும்படி ஏதாவது வேண்டும் என்று கேட்க, வெண்ணெயில் பிரட்டிய சாதத்தின் மேல் இறாலும் வெள்ளை சாஸும் ஊற்றி ஓவனில் வைத்துக் கொடுத்தாராம். மேலே சிவக்க ஓவனில் சுட்டெடுக்கும் ஐரோப்பாவின் கிராட்டான் சமையல் அரிசி தின்னும் நாட்டுக்கு வந்து சாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. இன்று ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பிடித்த சாப்பாடுகளில் அதுவும் ஒன்று. அரிசிச் சோறு இதற்குப் பொருந்தும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். மிச்சத்தை நம் சமையலறைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறு பேருக்கு நான் வைக்கும் அளவு: சீரக சம்பா அரிசி 400 கிராம், பால் 1 லிட்டர், மைதா 75 கிராம், வெண்ணெய் 75 கிராம். இவற்றோடு அரிசிக்கு ஒரு ஸ்பூன் நெய், பெரிய சௌசௌ இரண்டு, கேரட் இரண்டு, ஒரு கை பீன்ஸ், காளான் ஒரு பாக்கெட், எலும்பில்லாத கோழி 300 கிராம், துருவிய சீஸ் 150 கிராம், டீக்கடை ரஸ்க் நாலைந்து. இதை எட்டு அங்குலச் சதுரத் தட்டுகள் இரண்டில் செய்கிறேன். ஒன்று கோழியோடு, ஒன்று கோழி இல்லாமல். புரட்டாசி முழுவதும் இரண்டுமே கோழி இல்லாமல். பெருமாள் ஊரில் இருந்துகொண்டு அந்த மாதத்தில் அத்தையின் சமையலறைக்குள் கோழி வர முடியாது. நானும் அதை மாற்ற நினைத்ததில்லை. பெரிய தட்டு ஒன்றாக வாங்கினால் நடுத்தர ஓவனுக்குள் நுழையாது. பாத்திரக் கடையில் கிடைக்கும் அலுமினியக் கேக் தட்டே போதும்.

அரிசியை நெய்யில் லேசாக வறுத்து, ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு வடித்த மாதிரி உதிரியாக எடுக்க வேண்டும். முழுக்கக் குழைய விடக் கூடாது. நடுவில் ஒரு நூல் அளவு கடிபட வேண்டும், மிச்ச ஈரத்தை அது ஓவனுக்குள் சாஸிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணிக்காரர்கள் அரிசியை முக்கால் வேக்காட்டில் எடுத்து, மூடிபோட்டு, மேலேயும் கீழேயும் கங்கு வைத்து தம் போடுவார்களே, இங்கேயும் அதே கணக்குத்தான். மேலிருந்தும் கீழிருந்தும் சூடு கொடுத்து மூடி வேகவைப்பது நமக்குப் புதிதில்லை. பெங்களூரு ரோட்டில் இரண்டு மணி நேரம் போனால் அதற்கென்றே பேர்போன ஊர் இருக்கிறது.

இனி வெள்ளை சாஸ். இந்தச் சமையலில் கவனம் வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அடிகனமான வாணலியில் வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் மைதாவைப் போட்டுச் சின்னத் தீயில் கிளற வேண்டும். முதலில் களி மாதிரி சேரும். பிறகு இளகி, ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொதிக்கும். பச்சை மாவு வாசனை போய் பிஸ்கட் வாசனை லேசாக வரும் அந்த நிமிடத்தில், நிறம் மாறுவதற்கு முன், தீயை இன்னும் குறைத்துவிட்டுப் பாலை ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஊற்றியதும் மாவு மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு கெட்டியாகும். பயப்பட வேண்டாம். வழவழப்பாகும்வரை கிளறிவிட்டு அடுத்த கரண்டி. நாலைந்து கரண்டி போனபின் மிச்சப் பாலை மொத்தமாக ஊற்றிவிடலாம். வெண்ணெய் ஒவ்வொரு மாவுத் துகளையும் சுற்றிப் பூசிக்கொண்டிருப்பதால்தான் கட்டி விழுவதில்லை. மாவில் இருக்கும் ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்கும்போது சாஸ் தடிக்கிறது. அதனால் ஒரு கொதி வந்தே ஆக வேண்டும். கரண்டியின் முதுகில் சாஸ் படிய வேண்டும், அதில் விரலால் ஒரு கோடு கிழித்தால் கோடு கூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிவிட வேண்டும், ஆற ஆற இன்னும் தடிக்கும். ஆவின் நீலப் பாக்கெட்டே போதும். அதில் 3 சதவீதக் கொழுப்புத்தான், ஆனால் வெண்ணெய் சேர்கிறதே.

உப்பு, இடித்த மிளகு தாராளமாக, கடைசியில் ஜாதிக்காய். பிரெஞ்சுக்காரர்களும் வெள்ளை சாஸில் ஜாதிக்காய்தான் துருவுவார்கள். எங்கள் வீட்டில் ஜாதிக்காய் அத்தையின் உரைமருந்து டப்பாவில் இருக்கிறது. வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றோடும். என் பிள்ளைகள் இருவருக்கும் இழைத்துக் கொடுத்த கல்லும் அதற்குள்ளேயே. முதன்முதலில் நான் ஜாதிக்காய் வேண்டும் என்று கேட்டபோது, "யாருக்கு வயிறு சரியில்ல?" என்றுதான் கேட்டார். சொன்னதும் அவரே கல்லில் ரெண்டு சொட்டுப் பால் விட்டு நாலு சுற்று இழைத்துக் கொடுத்தார். துருவிப் போடுவதைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வாசனை சாஸ் முழுக்கப் பரவுகிறது, வாயில் நரநரப்பதில்லை. அன்றிலிருந்து அது அவர் வேலை. இந்தச் சமையலை அவர் வேற்றுச் சாப்பாடாக நினைக்காததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காய்களில் சௌசௌவை நான் விடமாட்டேன். நாம் அதைக் கூட்டு வைத்து, தோலைத் துவையல் அரைத்து, மலிவான காய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் அதைத்தான் கிராட்டான் செய்து ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வைக்கிறார்கள். அங்கே அதன் பெயரும் ஷூஷூ. சலாசி மலைப்பக்கம் கொடிகொடியாகப் படர்ந்து கிடக்குமாம். 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம் சனங்களின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் போய்விட்டாலும் மாரியம்மன் கோயிலும் தீமிதியும் போகவில்லை. அந்த வீடுகளில் சௌசௌ வெள்ளை சாஸோடு ஓவனுக்குப் போகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ மனசு நெகிழ்ந்தது. மெக்சிகோவில் பிறந்த காய், பிரெஞ்சு சாஸ், நம் ஆட்கள்.

சௌசௌவைத் தோல் சீவி, கட்டைவிரல் நக அளவுக்கு நறுக்கி, உப்புத் தண்ணீரில் பாதி வேகவைத்து நன்றாக வடிக்க வேண்டும். வடிதட்டில் கால் மணி நேரம் இருந்தாலும் பரவாயில்லை. இது தண்ணீர்க் காய். வடிக்காமல் போட்டால் தட்டின் அடியில் தண்ணீர் நின்று சாதம் கஞ்சியாகிவிடும். கேரட், பீன்ஸையும் கூடவே வேகவைத்துக்கொள்ளலாம். காளானைத் தனியாக, அகலமான வாணலியில், பெரிய தீயில், அது விடும் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்க வேண்டும். கோழியைச் சின்னத் துண்டாக வெட்டி, இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்புத் தூள், கறிவேப்பிலை போட்டு வறுவலாகச் செய்துகொள்வேன். வெள்ளை சாஸ் மென்மையானது, அதற்கு அடியில் இருப்பது காரசாரமாக இருந்தால்தான் நம் நாக்குக்கு ஒத்துவரும். காய்த் தட்டுக்கு அதே மசாலாவில் காய்களையும் ஒரு பிரட்டு பிரட்டிவிடுவேன்.

அடுக்குவது சுலபம். தட்டில் வெண்ணெய் தடவி, முதலில் சாதம், மேலே காயோ கோழியோ, அதன்மேல் சாஸ். சாஸில் ஒரு கரண்டி எடுத்துச் சாதத்தோடு பிசறிவிட்டால் அடியும் வறளாது. மேலே சீஸ். மோசரெல்லா இழுபடும், செடார் ருசி தரும். பாதிப் பாதியாகப் போடலாம். பிராசஸ்டு சீஸ் கட்டி மட்டும்தான் கிடைத்தது என்றால் அதைத் துருவிப் போடலாம், உருகும், ஆனால் சிவப்பது குறைவு. அதற்கும் மேல் ரஸ்கைக் கையால் நொறுக்கித் தூவ வேண்டும். மிக்சியில் அரைத்தால் மாவாகிவிடும். நொறுக்கினால் பெரிசும் சிறிசுமாக விழுந்து, வெந்ததும் மொறுமொறுவென்று இருக்கும். டீக்கடை ரஸ்கில் இருக்கும் லேசான இனிப்பு மிளகுக்கு நன்றாக ஈடு கொடுக்கிறது.

சூட்டைப் பற்றி. அடுக்கிய எல்லாமே சூடாக இருந்தால் 200 டிகிரியில் 25 நிமிடம். ஓவனை முன்னாலேயே பத்து நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். மேலே பொன்னிறம் வருவதற்கும் கருகுவதற்கும் இடையில் அதிக நேரம் இல்லை. பாலில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் 140 டிகிரிக்கு மேல் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்குகின்றன. 1912-ல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. தோசையின் முறுகலில் வருவதும் அதுதான். ஈரம் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே உள்ளே மென்மையாகவும் மேலே முறுகலாகவும் ஒரே தட்டில் கிடைக்கிறது. குக்கரால் இது முடியாது. குக்கரில் உள்ளே முழுக்க நீராவிதான்.

ஓவன் வாங்க நினைக்கிற தோழிகளுக்கு ஒரு விஷயம். கடையில் லிட்டர் கணக்கைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள். நீங்கள் முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஓடிஜி என்கிற மேஜை ஓவன் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். மிக்சி போடும் 6 ஆம்பியர் பிளக் 1,400 வாட்டுக்கு மேல் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். இங்கே லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பல இடங்களில் அப்படி ஒரு பிளக்கே இருக்காது. கன்வர்ட்டர் மாட்டி, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓட்டாதீர்கள். ஒயர் சூடாகி உருகிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுத்து எர்த்தோடு ஒரு பிளக் போடுவது ஒரு நாள் வேலை. கரண்டுச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட்.

கண்ணாடித் தட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, கண்ணாடி செய்யும் ஊரில் அல்லவா இருக்கிறோம். செயின்ட் கோபேன் தொழிற்சாலை 2000-லிருந்து இங்கே ஓடுகிறது. உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக இழுக்கிற முறை அது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் உலகுக்கு அறிவித்தது. உலை ஒரு தடவை மூட்டினால் பல வருடம் அணையாது. ஆனால் அந்த ஜன்னல் கண்ணாடி வகை வேறு, ஓவனுக்கான போரோசிலிகேட் வகை வேறு. சூட்டில் போரோசிலிகேட் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால்தான் அது தாங்குகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்கக் கூடாது. ஓவனிலிருந்து எடுத்ததை ஈரமான கிரானைட் மேடையில் வைக்கவே கூடாது. மரப்பலகை மேல், இல்லையென்றால் மடித்த துண்டின் மேல். இதனால்தான் நான் அலுமினியத் தட்டோடு நின்றுவிட்டேன். மகளுக்கு மட்டும் அடுக்குகள் தெரிகிற கண்ணாடி வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, வாங்குவோம்.

வெளியே எடுத்ததும் உடனே வெட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால்தான் சாஸ் இறுகி, துண்டு துண்டாக வரும். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் முழுசாக அனுபவிக்கிறேன். அடுப்பு அணைந்திருக்கும், பாத்திரம் பாதி கழுவியாகியிருக்கும். முகம் கழுவி, புடவை மாற்றி, தலை வாரி, வந்து உட்காரலாம். ஓவனில் ஒரு நேரத்துக்கு ஒரு தட்டுத்தான் சரியாகச் சிவக்கும் என்பதால் காய்த் தட்டு முதலில் போகும். அது ஆறும் நேரத்தில் கோழித் தட்டு உள்ளே இருக்கும். காய்த் தட்டிலிருந்து எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தொடங்கிவிடுவோம். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி, மோர் மிளகாய். அத்தைக்கு ஒரு துண்டு மாவடு இல்லாமல் முடியாது. வெள்ளை சாஸுக்கு மாவடு இவ்வளவு பொருந்தும் என்று யோகோஹாமாவில் யாருக்கும் தெரிந்திருக்காது.

என் அண்ணன் மகள் வல்லம் வடகால் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஹாஸ்டல் வாசம். லீவு கிடைக்கிற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அவர்களோடு வேலை செய்கிற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பெண் பிள்ளையை அனுப்பிய எந்தத் தாயும் அந்த ராத்திரியை மறக்க மாட்டாள். அதன்பின் நிலைமை கொஞ்சம் கவனத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் விடுதிக் கட்டடம் திறந்தார்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனாலும் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு பிடி தாளிக்கக்கூட இடம் கிடையாது. வரிசையில் நின்று, தட்டை நீட்டி, போட்டதை வாங்கிச் சாப்பிட வேண்டும். அதனால் அவள் வருகிற அன்று சாஸ் கிளறுவது அவள் பொறுப்பு. "அத்தை, கோடு நிக்குது பாருங்க" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். ஓரத்தில் முறுகின பக்கம் அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். என் மகன்கூட அதற்குப் போட்டி போடுவதில்லை.

இப்படித் தொழிற்சாலை ஊர்களில் நேரமில்லாத வீடுகள் ஓவன் தட்டைப் பிடித்துக்கொண்டது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சியின் கேம்டன் ஊரில் கேம்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரைலி 1955-ல் பீன்ஸ், காளான் சூப் டின், பொரித்த வெங்காயம் வைத்து ஒரு தட்டு செய்தார். இன்றுவரை அங்கே நன்றி நவிலும் நாளன்று அது இல்லாத மேஜை குறைவு. டின் சூப் கலந்ததைச் சமையலா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனம் பிடிக்காது. வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, விருந்து நாளில் தானும் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெண்ணுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்.

"பிசிபேளாபாத், சாம்பார் சாதம் எல்லாம் ஒரே பாத்திரம்தானே, அதைச் செய்துவிட்டு உட்கார வேண்டியதுதானே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் அவை காத்திருக்காது. அரை மணியில் இறுகும், வெந்நீர் விட்டு இளக்க வேண்டும். நேரத்துக்கு ஒருவராக வரும் வீட்டில் பத்து மணிக்கு வருகிறவருக்குக் கிடைப்பது இரண்டு தடவை இளக்கிய சாதம். ஓவன் சாதம் காத்திருந்தால் ருசி கெடுவதில்லை. ஃபாயில் மூடி 150 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் புதிதாகச் செய்தது போலவே வரும். மதியமே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, ராத்திரி ஓவனில் வைப்பதும் நடக்கும். அப்போது 180 டிகிரியில் முதல் அரை மணி நேரம் ஃபாயிலால் மூடி, பிறகு திறந்து சிவக்கவிட வேண்டும். அடுக்கிய தட்டை மேடையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள். நம் வெயிலில் சோறு, பால், கோழி மூன்றும் சேர்ந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கத்திரி வெயிலில் நான் இதைச் செய்வதே இல்லை. சமையலறை தாங்காது. ஆடி தொடங்கித் தை வரைதான்.

ஓவன் இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. நம் அம்மாக்கள் குக்கரில் கேக் செய்த முறைதான். பெரிய குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலோ உப்போ பரப்பி, வளையம் வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடிப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு குக்கருக்குள் அடங்கும் தட்டை உள்ளே வைத்து, சின்னத் தீயில் முப்பது நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது, கேஸ்கெட் மறக்காமல் கழற்ற வேண்டும். இதில் மேலே சிவக்காது. அதற்கு, ரஸ்கை வெண்ணெயில் தனியாக முறுகலாக வறுத்துக் கடைசியில் தூவிவிடலாம். குடும்பம் கூடி உட்காருவதற்கு அந்த முறுகல் போதும்.

மிச்சம் இருந்தால், பெரும்பாலும் இருக்காது, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் பர்ஃபி மாதிரி சதுரமாக வெட்ட வரும். தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டு, சீஸ் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மூடி, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் நடுவரை நன்றாகச் சுடும். மகள் அதைத்தான் டிபன் பாக்ஸில் கேட்கிறாள். மதியம்வரை பையில் இருக்கப் போகிறது என்பதால் கோழித் தட்டிலிருந்து வைப்பதில்லை. காய்த் துண்டையும் ஆவி பறக்கச் சூடு பண்ணி ஹாட்பாக்ஸில் போட்டால்தான் அனுப்புவேன். நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு வரும் மகனுக்குக் கோழித் துண்டு, ஒரு டம்ளர் சுக்குக் காபியோடு.